அடுக்குகிற வேலையும் திருத்துகிற வேலையும் ஒரே கமிட்டில் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில், நிரலைத் தானாக ஒழுங்குபடுத்தும் கருவிகளைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. ஃபார்மேட்டர் என்று நாங்கள் சொல்கிற கருவிகள். இதையெல்லாம் தமிழில் எழுத ஒருவர் உட்கார்ந்தாரே என்று சந்தோஷப்பட்டுக்கொண்டே படித்தேன். நடுவில் ஒரு வரி: ஒரே ஒரு கட்டளை கொடுத்தால் போதும், எவ்வளவு பெரிய மென்பொருளும் ஒரே நடைக்கு வந்துவிடும் என்று. அதைப் படித்ததிலிருந்து மனசு சரியில்லை. அந்த வரியில் பொய் இல்லை, அப்படியேதான் நடக்கும். அப்படி நடந்ததால் நாங்கள் பட்ட பாட்டைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் 19 ஆண்டுகளாக ஒரே மென்பொருளில் வேலை பார்ப்பவள். சி பிளஸ் பிளஸ் மொழியில் எழுதியது. நான் சேர்ந்தபோதே அதற்கு வயது பத்துக்கு மேல். எத்தனையோ பேர் கைபட்டு, அவரவர் பழக்கம் அதில் படிந்து கிடந்தது. உள்தள்ளலுக்கு ஒருவர் டேப் அடித்திருப்பார், அடுத்தவர் நான்கு ஸ்பேஸ் விட்டிருப்பார். அடைப்புக்குறியை அதே வரியில் திறப்பவர் உண்டு, அடுத்த வரிக்குக் கொண்டுபோகிறவரும் உண்டு. சி பிளஸ் பிளஸ் போன்ற மொழிகளில் கணினிக்கு இதெல்லாம் ஒன்றுதான். படிக்கிற மனிதருக்கு அப்படி இல்லை.

ஃபார்மேட்டர் செய்வதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நிரலின் இலக்கணத்தைப் படித்துப் புரிந்துகொண்டு, எழுதியவர் விட்ட இடைவெளிகளைப் பெரும்பாலும் மறந்துவிட்டு, தன் விதிப்படி புதிதாக அடுக்கிக் கொடுக்கும். இது நேற்று வந்த யோசனை இல்லை. சி மொழிக்கான 'இண்டென்ட்' 1976-லேயே எழுதப்பட்டது. ஆனால் அந்தக் காலத்துக் கருவிகளில் ஏகப்பட்ட விருப்பத்தேர்வுகள். எந்த விருப்பத்தை வைப்பது என்று அடுத்த சண்டை தொடங்கும். 2009-ல் கோ மொழி வெளியானபோது கூடவே வந்த 'கோஃபம்ட்' அந்தக் கதவை மூடிவிட்டது. நடை ஒன்றுதான், மாற்ற முடியாது. அப்புறம் சி பிளஸ் பிளஸ்ஸுக்கு கிளாங் ஃபார்மேட், ஜாவாஸ்கிரிப்டுக்கு 2017-ல் பிரிட்டியர், பைத்தானுக்கு 2018-ல் பிளாக் என்று வரிசையாக வந்தன.

கட்டுரையாளர் இதை அழகு சம்பந்தப்பட்ட விஷயமாகவே எழுதிக்கொண்டு போயிருக்கிறார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 2014 பிப்ரவரியில் ஆப்பிள் அவசரமாக ஒரு பாதுகாப்புத் திருத்தம் வெளியிட்டது ஞாபகம் இருக்கலாம். இணையத்தில் மறுமுனையில் இருப்பது உண்மையான தளம்தானா என்று கையொப்பத்தைச் சரிபார்க்கும் பகுதி. அதில் 'கோட்டூ ஃபெயில்' (மிச்சச் சரிபார்ப்பை விட்டுவிட்டு, முடிக்கும் இடத்துக்குத் தாவு என்ற கட்டளை) என்ற வரி தவறுதலாக இரண்டு முறை வந்துவிட்டது. மேலே இருந்த நிபந்தனைக்கு அடைப்புக்குறி இல்லாததால், முதல் வரி மட்டுமே அந்த நிபந்தனைக்குக் கட்டுப்பட்டது. இரண்டாவது வரி எப்போதும் ஓடும். அதனால் கடைசிச் சரிபார்ப்பைத் தாண்டிக் குதித்து, பிழை எதுவும் இல்லை என்ற பதிலோடு வெளியே வந்துவிடும். ஆனால் அந்த இரண்டாவது வரியும் முதல் வரிக்குச் சமமாக உள்ளே தள்ளி எழுதப்பட்டிருந்தது. பார்க்கிறவர் கண்ணுக்கு இரண்டும் நிபந்தனைக்குள் அடங்கியதுபோலத்தான் தெரியும். ஒரு ஃபார்மேட்டர் அதைத் தொட்டிருந்தால் இரண்டாவது வரி இடப்பக்கம் வந்து தனியாக நின்றிருக்கும். நிச்சயம் யாராவது கண்டுபிடித்திருப்பார்கள் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் கண்ணில் படும் இடத்தில் நின்றிருக்கும். இதுபோல ஏமாற்றும் உள்தள்ளலுக்கு எச்சரிக்கை கொடுக்கும் வசதி, 2016-ல் வந்த ஜிசிசி 6 கம்பைலரில் (நிரலைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றும் கருவி) சேர்ந்தது. ஆக, இடைவெளி சும்மா அலங்காரம் இல்லை. பொய்யான இடைவெளி, படிக்கிறவரிடம் பொய் சொல்கிறது.

இருந்தும், எங்கள் மென்பொருளுக்குக் கருவி வேண்டாம் என்று வருஷக்கணக்காக வாதாடியவள் நான். புது ஆட்கள் கையால் ஒழுங்காக எழுதப் பழகட்டும் என்று நினைத்தேன். என் மனம் மாறிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி தன் முதல் மாற்றத்தை ரிவ்யூவுக்கு, அதாவது இன்னொருவர் படித்துப் பார்த்து ஒப்புதல் தருவதற்கு, அனுப்பியிருந்தார். 23 குறிப்புகள் எழுதினேன். இங்கே ஒரு ஸ்பேஸ் குறைகிறது, இந்த வரி நீளம், அடைப்புக்குறி கீழே வரட்டும். எல்லாவற்றையும் மறுநாளே பொறுமையாகத் திருத்தி அனுப்பினார், நானும் ஒப்புதல் கொடுத்தேன். பத்து நாளில் சர்வர் அப்படியே உறைந்து நின்றது. பிழை ஏற்பட்டால் வெளியேறுகிற ஒரு பாதையில், எடுத்த லாக்கை, அதாவது இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் ஒரே தகவலைத் தொடாமல் இருக்கப் போடும் பூட்டை, திருப்பிக் கொடுக்காமலே நிரல் வெளியே போய்க்கொண்டிருந்தது. நான் திரும்பிப் போய் என் குறிப்புகளை எண்ணினேன். 23-ல் 20 இடைவெளியைப் பற்றியவை. அந்த லாக்குக்கு இரண்டு வரி மேலேகூட ஒரு காற்புள்ளிக்காகக் குறிப்பு எழுதியிருக்கிறேன். லாக்கைப் பார்க்கவில்லை. ரிவ்யூ செய்கிறவரின் கவனம் அளவானது. அதை ஸ்பேஸ் எண்ணுவதில் செலவழித்தால் மிச்சம் இருப்பது குறைவுதான். அந்த வாரமே கருவி கொண்டுவரலாம் என்று கூட்டத்தில் சொன்னேன்.

இனி, இந்தக் கடிதத்தின் காரணத்துக்கு வருகிறேன்.

எல்லோருக்கும் சம்மதம் என்றானபின், டீமில் அனுபவம் மிகுந்த ஒரு பொறியாளர், முதலில் ஒரு பகுதியை மட்டும் மாற்றிப் பார்க்கலாம் என்று முன்வந்தார். 412 கோப்புகள். கருவியை ஓட்டினார். மாறிய வரிகள் அறுபதாயிரத்துக்கு மேல். ஓட்டியபின் சில கோப்புகளைப் புரட்டிப் பார்த்தபோது, பயன்படாத ஒரு மாறி, தேவையில்லாத ஒரு நிபந்தனை, கொஞ்சம் குழப்பமாக எழுதிய ஒரு ஒப்பீடு என்று கண்ணில் பட்டவற்றையும் நல்லெண்ணத்தோடு சரிசெய்துவிட்டார். வீட்டைப் பெருக்கும்போது கோணலாகத் தொங்கும் படத்தை நேராக்குவதுபோல. எல்லாம் சேர்ந்து ஒரே கமிட்டாக ரிவ்யூவுக்கு வந்தது. கமிட் என்றால், ஒரு மாற்றத்தைக் காரணக் குறிப்போடு நிரலின் வரலாற்றில் பதிந்து வைப்பது. குறிப்பில் 'நடை ஒழுங்கு' என்று இரண்டே சொற்கள். ரிவ்யூ செய்தது நான். முதல் பத்துப் பன்னிரண்டு கோப்புகளைக் கவனமாகப் பார்த்தேன். எல்லாம் இடைவெளிதான். மிச்சத்தைச் சுருட்டி உருட்டிவிட்டு ஒப்புதல் கொடுத்தேன். அறுபதாயிரம் வரிகளை எந்த மனிதராலும் படிக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் படிக்க முடியாத ஒன்றுக்கு நான் கையெழுத்துப் போட்டிருக்கக் கூடாது.

ஐந்து மாதம் கழித்து ஒரு புகார் வந்தது. தொகுதி தொகுதியாகப் பதிவுகளை எழுதும் பகுதியில், சில தொகுதிகளின் கடைசிப் பதிவு மட்டும் காணாமல் போகிறது என்று. எப்போதும் இல்லை, தொகுதி முழுமையாக நிறையும்போது மட்டும். அதனால்தான் அவ்வளவு நாள் யாருக்கும் தெரியவில்லை.

இப்படி ஒரு பிழையைத் தேட எங்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. நிரலின் வரலாற்றைக் காத்துவைக்கும் கிட் என்ற கருவியே இரண்டையும் தருகிறது. ஒன்று, கிட் பிளேம். ஒவ்வொரு வரியையும் கடைசியாக யார், எந்தக் கமிட்டில், என்ன காரணத்துக்காகத் தொட்டார்கள் என்று காட்டும். ஓட்டிப் பார்த்தால், மேலிருந்து கீழ்வரை பெரும்பாலான வரிகளுக்கு ஒரே பெயர், ஒரே தேதி, 'நடை ஒழுங்கு' என்ற அதே இரண்டு சொற்கள். அந்த வரிகளுக்குப் பின்னால் இருந்த பதினைந்து வருஷக் காரணங்கள் எல்லாம் ஒரு திரைக்குப் பின்னால் போய்விட்டன. இரண்டாவது வழி, கிட் பைசெக்ட். நன்றாக வேலை செய்த ஒரு நாளையும் கெட்டுப்போன ஒரு நாளையும் சொன்னால், இடைப்பட்ட கமிட்டுகளைப் பாதி பாதியாகப் பிரித்துச் சோதித்து, எந்தக் கமிட்டில் கெட்டது என்று காட்டிக் கொடுக்கும். அது தன் வேலையைச் சரியாகச் செய்தது. நடை ஒழுங்குக் கமிட்டில் கொண்டுபோய் நிறுத்தியது. அதற்குமேல் அதனால் உதவ முடியாது. உள்ளே அறுபதாயிரம் வரிகள்.

எங்களைக் காப்பாற்றியது டீமில் இளையவளான ஒரு பெண் சொன்ன யோசனை. 'அந்தக் கமிட்டுக்கு முந்தைய நிலையை எடுத்து, அதன்மேல் அதே கருவியை நாமே ஓட்டுவோம், அக்கா. வருவதையும் அவர் போட்டதையும் ஒப்பிட்டால், கருவி செய்யாதது மட்டும் மிஞ்சும்' என்றாள். எவ்வளவு தெளிவான யோசனை! ஆனால் ஓட்டினால் ஆயிரக்கணக்கில் வேறுபாடுகள் வந்தன. காரணம், கிளாங் ஃபார்மேட் பதிப்புக்குப் பதிப்பு கொஞ்சம் கொஞ்சம் மாறி அடுக்கும். அவர் தன் கணினியில் அன்றைக்கு எந்தப் பதிப்பு வைத்திருந்தார் என்று எங்கும் எழுதவில்லை, அவருக்கும் நினைவில்லை. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். மூன்றாவது பதிப்பில் வேறுபாடுகள் சட்டென்று சுருங்கி, 3 கோப்புகளில் 14 வரிகள் மட்டும் மிஞ்சின. அதில் ஒன்பதாவது வரியில் இருந்தது பிழை. 'சிறியது அல்லது சமம்' என்று இருந்த ஒப்பீடு, எளிமையாக்கும்போது 'சிறியது' என்று மாறியிருந்தது. இரண்டு பேருக்கு நான்கு முழு நாட்கள்.

அந்தப் பொறியாளர் திறமையானவர். இன்றும் அவர்மீது எனக்கு மரியாதை உண்டு. வருத்தம் எல்லாம் முறையின் மேல்தான். கருவி செய்த மாற்றத்தைக் கருவியால் சரிபார்க்க முடியும். ஆனால் மனிதர் செய்த ஒரே ஒரு மாற்றத்தை அதோடு கலந்தாலும் அந்த வசதி போய்விடுகிறது. இதைத்தான் உங்கள் கட்டுரை சொல்லாமல் விட்டுவிட்டது. ஒழுங்குபடுத்தும் கமிட்டில் ஒழுங்குபடுத்துவதைத் தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது. கருவியின் பெயர், சரியான பதிப்பு எண், கொடுத்த கட்டளை மூன்றும் கமிட் குறிப்பிலேயே எழுதியிருக்க வேண்டும். அப்போது ரிவ்யூ செய்கிறவர் அறுபதாயிரம் வரியைப் படிக்க வேண்டியதில்லை. தானும் அதே கட்டளையை ஓட்டி, எழுத்துக்கு எழுத்து அதே விடை வருகிறதா என்று பார்த்தால் போதும். வந்தால் ஒப்புதல், ஒரு ஸ்பேஸ் வேறுபட்டாலும் திருப்பி அனுப்பிவிடலாம்.

மாற்றத்துக்கு முன்னும் பின்னும் கம்பைல் செய்து விளைவுகளை ஒப்பிடலாமே என்று சிலர் கேட்பார்கள். நாங்களும் செய்தோம், நல்ல சோதனைதான். ஆனால் வரி எண்ணை உள்ளே பதித்துக்கொள்ளும் அசர்ட் (நிபந்தனை பொய்யானால் நிரலை நிறுத்தும் சோதனை) போன்ற இடங்கள், பிழைதிருத்தத்துக்கான தகவல்கள் எல்லாம் வரிகள் நகர்ந்தாலே மாறிவிடும். அவற்றை ஒதுக்கிவிட்டு ஒப்பிட வேண்டும். பைத்தானுக்கான பிளாக் இதில் ஒரு படி மேல். அடுக்குவதற்கு முன்னும் பின்னும் நிரலின் இலக்கண மரம் ஒன்றாகவே இருக்கிறதா என்று தானே சோதித்துக்கொள்ளும்.

மிச்சப் பகுதிகளை மாற்றியபோது நாங்கள் இந்தப் பாடத்தை விடாமல் பிடித்துக்கொண்டோம். ஒரு வெளியீடு முடிந்த மறுநாளைத் தேர்ந்தெடுத்தோம், அப்போதுதான் பாதியில் நிற்கும் வேலைகள் குறைவாக இருக்கும். இரண்டு வாரம் முன்பே எல்லோருக்கும் சொல்லிவிட்டோம். அப்படியும் ஏழெட்டுப் பேருக்கு முடியாத பிராஞ்ச்கள் (நிரலைத் தனியாகப் பிரித்து வைத்து வேலை செய்யும் கிளைகள்) இருந்தன. அவர்கள்தான் இந்த நாளைக் கண்டு அதிகம் பயந்தார்கள், நியாயமான பயம். அடுக்கு மாறிய நிரலோடு பழைய அடுக்கில் இருக்கும் பிராஞ்ச்சை நேரடியாக மெர்ஜ் செய்தால், அதாவது இணைத்தால், வரிக்கு வரி மோதும். அதற்கு வழி இருக்கிறது. முதலில் ஒழுங்கு மாற்றத்துக்கு முந்தைய கமிட் வரை தன் பிராஞ்ச்சுக்குள் மெர்ஜ் செய்துகொள்ள வேண்டும். பிறகு தன் பிராஞ்ச்சில் அதே கருவியை, அதே பதிப்பில் ஓட்டி, தனிக் கமிட்டாகப் போட வேண்டும். அடுத்து ஒழுங்குக் கமிட்டை மெர்ஜ் செய்யும்போது, என் பக்கமே இருக்கட்டும் என்று கிட்டிடம் சொல்லிவிட வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே அடுக்கில் இருப்பதால் எதுவும் தொலையாது. எங்களில் ஒருவருக்குக்கூட ஒரு வரியும் போகவில்லை.

இன்னொன்று, பழைய வெளியீடுகள். கட்டுரையாளர் இதைத் தொடவே இல்லை. பயனர்களிடம் இருக்கும் இரண்டு பழைய பதிப்புகளுக்கும் நாங்கள் திருத்தம் அனுப்பிக்கொண்டிருந்தோம். புதிய நிரலில் செய்த திருத்தம் பழைய அடுக்கில் இருக்கும் நிரலில் போய் ஒட்டாது. அதனால் அந்த இரண்டு பிராஞ்ச்களிலும் அதே நாளில் கருவியை ஓட்டினோம். இப்படிச் செய்ய முடியாத இடங்கள் உண்டு. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில் 2018-லிருந்தே கிளாங் ஃபார்மேட்டுக்கான அமைப்புக் கோப்பு இருக்கிறது, ஆனால் அதை யார்மீதும் கட்டாயமாகத் திணிப்பதில்லை. பல பழைய வெளியீடுகளுக்குத் திருத்தங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய அவர்களுக்கு அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். ஃபயர்பாக்ஸ் தன் சி பிளஸ் பிளஸ் நிரல் முழுவதையும் 2018 இறுதியில் மாற்றியது. பைத்தானில் இணையதளம் கட்ட உதவும் ஜாங்கோ 2022 பிப்ரவரியில் பிளாக்குக்கு மாறியது. தரவுத்தள மென்பொருளான போஸ்ட்கிரஸ் தனக்கென்று ஒரு கருவியை வைத்துக்கொண்டு, குறிப்பிட்ட காலத்தில் ஓட்டிக்கொள்கிறது. அவரவர் நிலைமைக்கு ஏற்ற வழி அவரவருக்கு.

வரலாறு திரைக்குப் பின்னால் போகிறது என்றேனே, அதற்கும் இப்போது தீர்வு உண்டு. 2019 ஆகஸ்டில் வந்த கிட் 2.23-ல் ஒரு வசதி சேர்ந்தது. இந்த இந்தக் கமிட்டுகளைக் கணக்கில் எடுக்காதே என்று ஒரு கோப்பில் எழுதி வைத்தால், பிளேம் அவற்றைத் தாண்டி, அந்த வரியை உண்மையாக மாற்றியவரைக் காட்டும். போஸ்ட்கிரஸ் நிரலோடு அப்படி ஒரு கோப்பே இருக்கிறது. ஆனால் கவனியுங்கள்: ஒழுங்குக் கமிட்டில் உண்மையான மாற்றமும் கலந்திருந்தால், அதைப் புறக்கணிக்கச் சொல்லும்போது அந்த மாற்றத்தைச் செய்த கையையும் சேர்த்தே மறைத்துவிடுகிறோம். எங்கள் முதல் கமிட்டை இன்றுவரை அந்தப் பட்டியலில் சேர்க்க முடியவில்லை.

கருவியை நம்பலாம், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு இல்லை. கிளாங் ஃபார்மேட்டின் இயல்பான நடையில் இன்க்லூட் வரிகளையும் (வேறு கோப்புகளை உள்ளே சேர்க்கும் வரிகள்) அது அகரவரிசைப்படுத்திவிடும். எங்கள் பழைய கோப்புகள் சிலவற்றில் ஒன்றுக்கு முன் இன்னொன்று வந்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் கம்பைல் ஆகாது. அதை முதலில் அணைத்து வைத்தோம். பிறகு அந்தக் கோப்புகளைச் சரிசெய்து, அந்த வேலையைத் தனியாகச் செய்தோம். கையால் நேர்த்தியாக நிரல்நிரையாக எழுதிய அட்டவணைகள் சில இருந்தன. ஒரு நிலையிலிருந்து எந்த நிலைக்குப் போகலாம் என்று காட்டும் அட்டவணை ஒன்று, படமாகவே படிக்கலாம். கருவி அதைக் கலைத்துக் கட்டுரையாக்கியது. அந்த இடத்தில் மட்டும் தொடாதே என்று குறிப்பு எழுதிக் காப்பாற்றினோம். அப்படிப்பட்ட குறிப்புகள் இப்போது மொத்த நிரலிலும் 11 இடங்களில் இருக்கின்றன. பன்னிரண்டாவது வேண்டுமென்றால் காரணம் கேட்பேன்.

மாற்றும் வரிகளை மட்டும் ஒழுங்குபடுத்தினால் போதாதா என்று வாசகர்கள் கேட்கலாம். எங்கள் கிளைப் பகுதி ஒன்றில் ஒரு வருஷம் அப்படித்தான் செய்தோம். ஒரே ஃபங்ஷனுக்குள் மூன்று வரி புது நடை, நாலு வரி பழைய நடை. படிக்கச் சகிக்கவில்லை, விட்டுவிட்டோம்.

உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு எங்கோ ஓர் இளைஞர் வேலைக்குப் போனதும் அந்த ஒரே ஒரு கட்டளையைக் கொடுக்கக்கூடும். நல்ல மனதோடு, வழியில் கண்ணில் பட்ட இரண்டு வரியையும் சேர்த்துத் திருத்திவிடக்கூடும். அவருக்கு முன்னால் இந்தக் கடிதம் போய்ச் சேர வேண்டும் என்பதால், முழுவதையும் வெளியிட இடம் இல்லாவிட்டாலும், 'நடை ஒழுங்கு' கமிட்டின் கதையையாவது வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கடைசியாக ஒரு சிறு திருத்தம். கட்டுரையோடு வந்த பெட்டிச் செய்தியில் பிளாக்கின் இயல்பான வரி நீளம் 80 என்றும், பிரிட்டியருடையது 88 என்றும் அச்சாகியிருக்கிறது. பிளாக்குக்கு 88, பிரிட்டியருக்கு 80. இடம் மாறிவிட்டது.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
மென்பொருள் பொறியாளர்